விஷச் சிப்பாய்

இது எனக்கு நடந்ததில்லை. மதுரையில் ஒரே விடுதி அறையில் என்னோடு தங்கியிருக்கும் ஜெபக்கனி சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டை மாடியில் துணி காயப் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து சொன்னாள். அப்போது எனக்குச் சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூடத் தெரியாது. அவள் ‘நான்’ என்று சொன்னதை நானும் ‘நான்’ என்றே எழுதுகிறேன். நடுவில் என் சொற்கள் கலந்திருக்கும். எங்கெங்கே என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்கு இருக்கும் பயம் எனக்கும் உண்டு. இரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நாங்கள்தான். ஆட்டத்தின் நகர்த்தல்களில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அவள் முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தாள், நான் கைப்பேசியில் தட்டிக்கொண்டேன்.

செக். கறுப்பு ராணி மறுபடியும் வந்து நிற்கிறது. நான் ராஜாவை ஒரு கட்டம் மேலே ஏற்றுவேன், அது பக்கத்தில் வந்து செக் வைக்கும், நான் கீழே இறக்குவேன், அது பழைய கட்டத்துக்கே போய் செக் வைக்கும். என் ராணி அவள் ராஜாவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பெண் செக் வைக்காமல் வேறு எதையாவது தொட்டுவிட்டால் போதும், அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. தொட மாட்டாள். எதற்குத் தொடுவாள்? இவளுக்கு டிரா போதும், இவளுக்குத் தோற்றாலும் போதும், ஏழாம் வகுப்பு படிக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை, ஒரு செருப்பு எப்போதோ கழன்று என் பக்கம் வந்து கிடக்கிறது, அதைக் காலால் தள்ளிவிடுவதா சும்மா விடுவதா என்று ஆட்டம் தொடங்கியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் மிருதுளா. சென்னை. பயிற்சியாளர் ஒருவர் வாசல் வரை வந்து தலையைத் தடவிவிட்டுப் போனார். நீர்ப்புட்டியில் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறாள். நான் ராஜாவைத் தொடுவதற்கு முன்னாலேயே அவள் கண் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா. டிரா என்றால் எனக்கு அரைப் புள்ளி, அரைப் புள்ளி என்றால் ஐந்தாவது இடம், அணிக்கு எடுப்பது நான்கு பேரை. மாநில அணியில் ஆடியவர்கள் மட்டும்தான் இந்த வருஷம் வந்திருக்கும் அரசு எழுத்தர் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம், அடுத்த வருஷம் கேட்பார்களா என்று யாருக்கும் தெரியாது, நாளை மறுநாள் நான் மறுபடியும் ஜவுளிக் கடையில் பில் போடும் இடத்தில் நின்று, பை வேண்டுமா சார், பை வேண்டுமா மேடம். ராஜாவை ஏற்று. வேறு வழி இல்லை. நடுவில் ஓடலாமா? ஓடினால் அவள் மந்திரி குறுக்கே வரும், அதற்கு அப்புறம் எனக்குத் தெரியவில்லை, இருட்டாக இருக்கிறது, நாலாவது நகர்த்தலுக்கு மேல் எல்லாமே இருட்டு, இவளுக்கு அங்கே வெளிச்சமாக இருக்கும்.

எல்லாம் அந்த ஒரு கட்டம். ராணியை எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று கைப்பேசியில், சதுரங்கச் செயலியில் பார்த்திருந்தேன். இரண்டு இடம் இருந்தது, ஒன்று டிரா, இன்னொன்றில் வெள்ளை ஜெயிக்கும் என்று போட்டிருந்தது, பச்சை நிறத்தில், நான் பார்த்தேன், ஊரிலிருந்து வந்த பேருந்தில் விருதுநகர் தாண்டும்போது பார்த்தேன், அடுத்த இருக்கையில் ஒரு அம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார், தோல் என் பாவாடையில் விழுந்தது, நான் தட்டிவிட்டேன், கடலைத் தோல் ஞாபகம் இருக்கிறது, சிவப்பாக மெல்லிசாக, அது இருக்கிறது, கட்டம் இல்லை. ஓரத்துக் கட்டமா அதற்கு ஒன்று மேலா? முக்கால் மணி நேரம் அந்த இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். யோசிக்கவில்லை. ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியில் வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த அந்த ஆசிரியை, மூக்கின் நுனியில் கண்ணாடி, ‘புக்ல என்ன இருக்குன்னு நான் கேக்கலம்மா, இந்தக் குழாயில என்ன நடக்குதுன்னு கேக்கறேன்’ என்றார். நான் மறுபடியும் புத்தகத்தில் இருந்ததையே முதல் வரியிலிருந்து சொன்னேன், நடுவிலிருந்து தொடங்க எனக்கு வராது, யார் நிறுத்தினாலும் முதல் வரிக்குத்தான் போவேன். அவர் குழாயைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். குழாயில் நிறம் மாறியிருந்தது என்று பக்கத்து மேசைப் பெண் பிறகு சொன்னாள். ஓரத்தில் வைத்தேன். தப்பு. ஓரம் தப்பு என்று காயை வைக்கும்போதே தெரிந்துவிட்டது, ஆனால் தொட்ட காயைத்தான் ஆட வேண்டும், விட்ட கட்டம் விட்டதுதான், கடிகாரத்தை அமுக்கினேன், அவள் உடனே யானையை வெட்டினாள், அதிலிருந்து இறக்கம்தான்.

செக். ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ’ என்று மேடைப் பக்கமிருந்து ஒரு குரல் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. ஆர்பிட்டர், போட்டி நடுவர், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ‘தம்பி, தம்பி, ஆட்டம் நடக்குதுப்பா.’ ‘சார், ஆறு மணிக்கு ரிசப்ஷன் சார், நாங்க எப்ப சார் கட்டுறது?’ ‘ரெண்டு போர்டுதான், முடிஞ்சிரும்.’ ‘காலையிலருந்து இதையேதான் சார் சொல்றீங்க.’ யாரோ சிரித்தார்கள். திண்டுக்கல்லில் இந்தக் கல்யாண மண்டபத்தில் நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன், மேடையில் போன வாரத்துக் கல்யாணப் பெண்ணின் பெயர் தெர்மகோலில் பாதி உரிந்து நிற்கிறது, கீழே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இப்போதே வெங்காயம் வதக்கும் வாசனை வருகிறது. பசிக்கிறது. பசிக்கக் கூடாது. அந்த ரெண்டு போர்டில் ஒன்று என்னுடையது, எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், வாழைமரம் கட்டுகிறவர் தோளில் மரத்தோடு வாசலில் நிற்கிறார், நான் ஒன்றுமில்லாத ஓர் ஆட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பெண் மைக் சத்தத்துக்குச் சிரிக்கிறாள். முன்பல் ஒன்று மேல் ஒன்று ஏறி இருக்கிறது. இவளுக்குப் பயமே கிடையாதா? ஆட்டம் பாதிகூட வராதபோது குனிந்து, ‘அக்கா, டிரா ஓகேவா?’ என்று கேட்டாள், மிட்டாய் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டேன் போல, முகம் சுருங்கிவிட்டது. அப்போது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு தெம்பு.

இருந்தது, தெம்பு இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. இவள் சிசிலியன் திறப்பு ஆடுவாள், அதிலும் நஜ்டார்ஃப் வகை ஆடுவாள் என்று முன்னாலேயே தெரியும், அதில் வெள்ளை தன் சிப்பாய் ஒன்றைக் காவல் இல்லாமல் விடும் கிளையைத்தான் நான் நாலு மாதமாகப் படித்தேன். விஷச் சிப்பாய் என்று பெயர். கறுப்பு ராணி தன் வீட்டை விட்டுத் தனியாக வந்து அந்தச் சிப்பாயைத் தின்னும். தின்றது திரும்பி வீடு போய்ச் சேர்வதற்குள் வெள்ளை எல்லாக் காயையும் கொண்டுபோய் அந்தப் பக்கம் ராஜாவின் மேல் கொட்ட வேண்டும். ஒரு நகர்த்தல் பிசகினால் இரண்டு பேரில் ஒருவர் காலி. பயந்தவர்கள் ஆடுகிற ஆட்டம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால்தான் எடுத்தேன், பயந்தவள் என்று தெரியக் கூடாது என்று. விலங்கியல் படித்த மாதிரிதான் படித்தேன், வாய்விட்டு. கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து குதிரை இங்கே, மந்திரி அங்கே, யானை, யானை என்று முணுமுணுப்பேன், அறைத்தோழி கொஞ்ச நாள் நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறாள். ‘உன் ஜெபத்துல ஏன்டி இத்தன யானை வருது’ என்று ஒரு நாள் கேட்டாள். இவள் ராணியால் சிப்பாயைத் தின்றபோது எனக்குக் கை ஜில்லென்று ஆனது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில், கேள்வித்தாளைத் திருப்பினால் படித்த கேள்வி. அதற்கப்புறம் நான் யோசிக்கவே இல்லை. அவள் ஒன்று, நான் ஒன்று. சிப்பாய்கள் வெட்டுப்பட்டன, மந்திரி குதிரையை வெட்டியது, என் இன்னொரு குதிரை நடுவில் வந்து உட்கார்ந்தது, இரண்டு பேரும் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தோம். அப்புறம் அவள் ஓரத்து யானையைப் பக்கவாட்டில் இழுத்து என் ராணிக்கு நேர் எதிரே நிறுத்தினாள். நான் என் யானையை இந்தப் பக்கம் இழுத்து செக் வைத்தேன், அவள் ராஜா மூலைக்குள் ஒதுங்கியது. படத்தில் அந்த இடத்தில் செக் வந்ததாக ஞாபகம் இல்லை, ஒரு கணம் உறுத்தியது, ஆனால் பலகையைப் பார்த்தால் ராஜா மூலையில், யானை எதிரே, குதிரை நடுவில், எல்லாம் நான் கண்ணை மூடினால் தெரிகிற அதே படம். ஒரு காய்கூட இடம் மாறவில்லை. அப்பாடா என்று இருந்தது. இன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தேன், மேலே மின்விசிறியைப் பார்த்தேன், கல்யாண மண்டபத்து மின்விசிறியில் ஒரு சரிகைத் துணுக்கு மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால் முதலில் அப்பாவுக்கு உப்பளத்துக்குப் போடுகிற கண்ணாடி ஒன்று வாங்க வேண்டும், நல்ல கறுப்புக் கண்ணாடி, வெயிலில் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவர் கண் இப்போதெல்லாம் நிழலிலும் இடுங்கியே இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா எப்படி இருப்பார் என்று நினைத்துச் சிரிப்புகூட வந்தது. நாலு நாளில் எனக்கு நன்றாக இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அதற்கப்புறம் ராணி, அதற்கப்புறம் அந்தக் கட்டம், ஓரமா, ஒன்று மேலா, கடலைத் தோல்.

செக். எத்தனையாவது? ராஜாவை இறக்கு. இறக்கினால் மூன்றாவது. இறக்காவிட்டால் ஓடு. ஓடினால் மந்திரி. மந்திரி வந்தால் குதிரையால் வெட்டலாம், வெட்டினால் ராணி வெட்டும், செக்கோடு வெட்டும், அப்புறம் ராஜா நட்டநடுவில், துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி. தோற்றால் என்ன? ஐந்தாவதும் ஒன்றுதான் பத்தாவதும் ஒன்றுதான். ஓடு. ஒன்றுதான் என்றால் ஓட வேண்டியதுதானே. ஆனால் ஓடித் தோற்றால் வெளியே போய் எப்படிச் சொல்வேன்? அம்மா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தூத்துக்குடியிலிருந்து விடிகாலைப் பேருந்து பிடித்து வந்திருக்கிறாள், கையில் கட்டைப் பை, அதில் எனக்கு எலுமிச்சம்பழச் சோறு. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் தோற்றேன் என்று சொல்ல வேண்டும். டிரா என்றால் அந்த வார்த்தையாவது அவளுக்குப் புரியாது. இதுதான் காரணமா? இதற்காகவா? கை போய்விட்டது. விரல் ராஜாவின் தலையில் இருக்கிறது. இறக்கிவிட்டேன். கடிகாரத்தை அமுக்கினேன். மிருதுளா கையைத் தூக்கி, ‘சார்’ என்றாள். ஆர்பிட்டர் வந்தார், குனிந்து பார்த்தார், அவளையும் என்னையும் நகர்த்தல்களைச் சரிபார்க்கச் சொன்னார், விரலை வைத்து எண்ணினார். ‘சரிதாம்மா. மூணு தடவ வந்திருச்சு. டிரா. கை குடுங்க.’ கொடுத்தேன். அவள் கை ஈரமாக இருந்தது. புட்டித் தண்ணீர் என்று நினைத்தேன்.

‘அக்கா, அனலைஸ் பண்ணலாமா?’ என்றாள். ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து எங்கே எது தப்பு என்று காயை வைத்துப் பேசுவது வழக்கம், தோற்றவர்கள்கூட உட்கார்ந்து பேசுவார்கள், நானே எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். ‘ஒரு இடத்துல நான் வந்து...’ என்று ஏதோ தொடங்கினாள். ‘இல்ல பாப்பா, எங்கம்மா வெளிய நிக்காங்க’ என்றேன். என் தப்பைப் பற்றி அவள் சொல்ல, அதை நான் கேட்டு, அவள் அழகாக எனக்கு விளக்க, வேண்டாம். அந்தச் செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தேன். ‘தேங்க்ஸ்க்கா’ என்றாள், செருப்புக்கு.

வாழைமரக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் பையைத்தான் நீட்டினாள். ‘ஜெயிச்சிட்டியாட்டி?’ ‘டிராம்மா.’ ‘அப்படின்னா?’ ‘ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி.’ ‘அந்தப் புள்ளைக்குமா? அதுக்குக் காலே தரையில எட்டலியேட்டி!’ ‘எம்மா, பேசாம வா.’ ‘பேசல. வேலைக்கு இது போதுமா?’ ‘போதாது.’ அம்மா கொஞ்ச தூரம் என் காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. திட்டினால் பரவாயில்லை, இப்படி நடந்தால் நான் என்ன செய்ய? பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில், ‘நான் ஒண்ணு சொன்னா கோவப்படுவ’ என்றாள். ‘சொல்லு.’ ‘ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ மட்டும் ஒருவாட்டி நல்லா சாஞ்சு உக்காந்து மேல பாத்தல்லா, அப்ப அந்தப் புள்ள ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு உன் மூஞ்சியவே பாத்துச்சு. திருடின புள்ள முழிக்கும்லா, அப்படி. நீ அதப் பாக்கவே இல்ல.’ ‘தும்மல் வந்திருக்கும்மா.’ ‘தும்மலா அது?’ ‘உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, சும்மா இரி.’ எலுமிச்சம்பழச் சோற்றைப் பேருந்து நிலையத்தில் நின்றபடியே தின்றேன். ஓரமா, ஒன்று மேலா. கொட்டையைத் துப்பும்போதும் அதுதான். இன்றைக்கு வரைக்கும் அதுதான். பில் போடும்போது, குளிக்கும்போது, துணி பிழியும்போது. அந்த ஒரு கட்டம் மட்டும் ஞாபகம் வந்திருந்தால்.

ஜெபக்கனி இதோடு நிறுத்திவிட்டாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு கீழே போனோம். அடுத்து வந்த வாரங்களில் நான் சதுரங்கம் கற்றுக்கொண்டேன், காய்கள் எப்படிப் போகும் என்கிற அளவுக்கு. அப்புறம் அலுவலகக் கணினியில், சாப்பாட்டு நேரத்தில், அவள் ஒப்பித்த நகர்த்தல்களைச் சதுரங்க நிரல் ஒன்றில் வரிசையாக இட்டு ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தேன். ராணிக்கு ஓரக் கட்டமும் டிராதான், அதற்கு ஒன்று மேலே உள்ள கட்டமும் டிராதான். கைப்பேசி காட்டிய பச்சை கொஞ்சம் அவசரப்பட்ட கணக்கு. கடைசியில் ராஜா நடுவில் ஓடியிருந்தால் ஜெபக்கனி தோற்றிருப்பாள். இதையெல்லாம் இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், நான் புதிதாகக் கற்றவள் என்பதால். பிறகு அதே கிளையில் மற்றவர்கள் ஆடிய ஆட்டங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கறுப்பு முதலில் ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் யானையை ராணிக்கு எதிரே நிறுத்துகிறது. மிருதுளா வரிசை மாறி யானையை முதலில் இழுத்துவிட்டாள். ராஜா இன்னும் மூலைக்குப் போகவில்லை. அந்த ஒரு நகர்த்தலுக்கு மட்டும், ஜெபக்கனியின் குதிரை நடுவிலிருந்து ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டு பாய்ந்தால், ராஜாவுக்குச் செக், கூடவே அந்த யானைக்கும் குறி. அதிலிருந்து வெள்ளை ஜெயிக்கிறது. ஜெபக்கனி மனப்பாடத்தில் இருந்த யானையை ஆடினாள், செக் விழுந்தது, ராஜா தானாகவே மூலைக்குப் போனது, படம் சரியாகிவிட்டது. அவள் நாற்காலியில் முதுகைச் சாய்த்த இடம் அது.